விலைச்சீட்டை விடுங்க, துணியைத் திருப்பிப் பாருங்க

நேத்து ஒரு சாம்பிள் சேல்ல ரெண்டு மணி நேரம் வெளிய லைன்ல நின்னு உள்ள போனேன். பையை வாசல்லயே வாங்கி வச்சுட்டாங்க, ட்ரையல் ரூம் கிடையாது, இருக்குற ஒரே கண்ணாடிக்கு முன்னாடி பத்துப் பேர், எல்லார் கையிலயும் குவியல் குவியலா துணி. அதுல எத்தனை பேர் துணியை உள்பக்கம் திருப்பிப் பாக்குறாங்கன்னு கவனிச்சேன். என் பக்கத்துல நின்ன வயசான அம்மா ஒருத்தங்க மட்டும்தான் பாத்தாங்க. மத்தவங்க எல்லாரும் பாத்தது விலைச்சீட்டை, அதுல கோடு போட்டு அடிச்சிருக்குற பழைய விலையை.

இதுல எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம். சாம்பிள்னா என்னன்னே தெரியாம நாம சாம்பிள் சேலுக்குப் போறோம்.

ஒரு டிசைனர் புது கலெக்‌ஷன் காட்டும்போது ஒவ்வொரு டிசைன்லயும் ஒண்ணோ ரெண்டோதான் முதல்ல தைப்பாங்க. ஷோல மாடல் போட்டு நடக்குறது அதுதான், ஷோரூம்ல கடைக்காரங்க தொட்டுப் பாத்து ஆர்டர் குடுக்குறதும் அதை வச்சுதான், பத்திரிகைக்கு போட்டோ எடுக்க இரவல் போயிட்டு வர்றதும் அதேதான். பிப்ரவரி, மார்ச்ல காட்டுற குளிர்காலத் துணி கடைக்கு வர ஆறு மாசம் ஆகும், அதுக்குள்ள இந்த சாம்பிள் பல கை மாறி வந்திருக்கும். வேலை முடிஞ்சதும் ஷோரூம்ல இடம் வேணும், அதனால வித்துடுவாங்க. நியூயார்க்ல ஏழாவது அவென்யூவை ஒட்டின கார்மென்ட் டிஸ்ட்ரிக்ட் இதுக்குப் பேர் போன இடம்.

அப்படிப்பட்ட உண்மையான சாம்பிள் மாடல் உயரத்துக்குத் தச்சது, ஐரோப்பிய அளவுல 34, 36 தான் இருக்கும், பேன்ட் எல்லாம் தரையைக் கூட்டும். ஆனா இன்னைக்கு ஸ்டாண்ட்ல எல்லா சைஸும் வரிசையா தொங்குதுன்னா அது சாம்பிள் இல்ல, விக்காம தேங்கின ஸ்டாக். அதுல தப்பே இல்லைங்க, எரிக்கிறதுக்கு விக்கிறது ஆயிரம் மடங்கு மேல். பிரிட்டனோட ஆடம்பர பிராண்ட் பர்பெர்ரி ஒரே வருஷத்துல 2 கோடியே 86 லட்சம் பவுண்ட் மதிப்புள்ள சரக்கை அழிச்சதா 2018ல அவங்க கணக்குலயே வந்துச்சு, எதிர்ப்பு கிளம்பினதும் அந்த செப்டம்பர்லயே இனி செய்ய மாட்டோம்னு அறிவிச்சாங்க. பிரான்ஸ்ல விக்காத துணியை அழிக்கக் கூடாதுன்னு 2020ல சட்டம் போட்டு 2022ல இருந்து நடைமுறை, ஐரோப்பிய யூனியன் முழுக்க பெரிய கம்பெனிகளுக்கு 2026 ஜூலைல இருந்து தடை. ஒரு சட்டைக் கை தைக்க எவ்வளவு நேரம் ஆகும்னு தெரிஞ்ச யாருக்கும் புதுத் துணியை நெருப்புல போடுறதைக் கேட்டா வயிறு எரியும்.

என் கோபம் மூணாவது ரகத்து மேல. தள்ளுபடிக்குன்னே தனியா, மட்டமான துணில, அவசரமா தச்சு, கடையில ஒருநாளும் தொங்காத ஒண்ணுக்கு ஒரு 'பழைய விலை' எழுதி அடிச்சு விக்கிறது. பிராண்டுகளோட தள்ளுபடிக் கடைகளான அவுட்லெட் கடைகள் பத்தி இதே சந்தேகத்தைக் கிளப்பி 2014 ஜனவரில அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் நாலு பேர் அந்த நாட்டு வணிக ஆணையத்துக்குக் கடிதமே எழுதினாங்க. இது சாம்பிள், இது ஸ்டாக், இது சேலுக்குன்னு தச்சதுன்னு ஒவ்வொரு ஸ்டாண்ட்லயும் எழுதி மாட்டணும்னு நான் சொல்றேன், ஒரு அட்டையும் ஒரு பேனாவும் போதும். எழுதலைன்னா நான் கேட்டுடுவேன், நீங்களும் கூச்சப்படாம கேளுங்க.

என் அம்மா ஊருக்கெல்லாம் தச்சுக் குடுத்துதான் எங்களை வளத்தாங்க. புதுத் துணி எதை வாங்கிட்டு வந்தாலும் முதல்ல உள்பக்கம் திருப்பிடுவாங்க. உள்ள ஒரு விரல் அகலமாவது துணி விட்டிருக்கா, கட்டம் போட்ட துணின்னா பாக்கெட் ஓரத்துல கட்டத்தோட கட்டம் சேருதா, காஜால நூல் பிசிறு இல்லாம அடர்த்தியா இருக்கா, ஜிப் மேல வரைக்கும் முட்டாம போகுதா, அக்குள்ல தையல் இழுத்திருக்கா. இதை மறந்துட்டு ஒருதடவை எண்பது சதவீதம் தள்ளுபடின்னு ஒரு பட்டு கவுன் எடுத்துட்டு வந்துட்டேன். பக்கத் தையலைப் பிரிச்சுப் பெருசாக்கலாம்னு பாத்தா உள்ள நகக்கண் அளவு கூட துணி இல்ல, வித்ததைத் திருப்பி வாங்க மாட்டாங்க, அது இன்னும் போடாமலே கிடக்கு. அந்தப் பணம் போனது இன்னைக்கும் மனசுல உறுத்துது.

அதனால போறதுன்னா உடம்போட ஒட்டின மெல்லிசான உள்சட்டை போட்டுட்டுப் போங்க, அதுக்கு மேலயே போட்டுப் பாத்துடலாம். பாக்கெட்ல ஒரு இஞ்ச் டேப். சைஸ் நம்பரை நம்பாதீங்க, ஒவ்வொரு பிராண்டுக்கும் மாறும், உங்க தோள் அளவும் இடுப்பளவும் மனசுல இருக்கணும். முதல் நாள் நல்லது கிடைக்கும், கடைசி நாள் விலை இன்னும் இறங்கும், ரெண்டும் சேர்ந்து கிடைக்காது. எனக்கு எப்பவும் முதல் நாள்தான்.

நேத்து அந்தம்மா கையில ஒரு கம்பளி கோட். காலர் உள்மடிப்புல மேக்கப் பவுடர் பட்ட லேசான கறை, கழுத்துக்குப் பின்னாடி வெள்ளை நாடா தச்சு அதுல பேனாவால ஒரு நம்பர், ஓரத்துல குண்டூசி குத்தி எடுத்த தடம். நிஜமான சாம்பிள், யாரோ ஒரு மாடல் போட்டு நடந்தது. லைனிங் முழுக்க கைத்தையல், அரிசி அளவு கூட இல்லாத சின்னச் சின்ன தையல், பாக்கெட் மடிப்புல கோடு ஒரு நூல் கூட தப்பாம சேர்ந்திருக்கு. கட்டைவிரலால தடவிக்கிட்டே ரொம்ப நேரம் பாத்தாங்க, அப்புறம் என் தோள்ல வச்சுப் பாத்து, "எனக்கு இது பத்தாதும்மா, உனக்கு சேரும். கை மட்டும் ரெண்டு விரக்கடை நீளம், வெட்டிடாத, உள்ள மடிச்சுத் தை"ன்னு சொல்லி என் கையில குடுத்துட்டாங்க.

விலையை அதுக்கப்புறம்தான் பாத்தேன். இப்ப மேசை மேல இருக்கு, வலது கையை மடிச்சுத் தச்சாச்சு, இடது கை பாக்கி.