‘ஒரு போட்டோதானே’ என்று கேட்பவர்களுக்கு

அந்தப் பதிவையும் அதன் கீழே வந்து குவிந்த ஆறுதல்களையும் படித்துவிட்டு ரெண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். முடியவில்லை. பார்க்காதவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடையில்லாத மாடலை நேரில் பார்த்து வரைகிற ஓவிய வகுப்பு. போஸ் நடந்துகொண்டிருக்கும்போதே போனைத் தூக்கி மாடலைப் படமெடுத்தவரிடம், அதை அழிக்கச் சொன்னார்கள். அழித்துவிட்டு வீட்டுக்குப் போய், புதிதாக வருகிறவர்களைக் கலைஞர்கள் எப்படியெல்லாம் அவமானப்படுத்துகிறார்கள் என்று பத்தி பத்தியாக எழுதிவிட்டார். கூடவே ஒரு கூட்டம்: “ஒரு போட்டோதானே, அதுக்குப் போய் இவ்வளவு அலப்பறையா?”

ஆமாம், ஒரு போட்டோதான். அதைத்தான் எடுக்கக் கூடாது.

உடையில்லாமல் மேடையில் நிற்பவர் சம்மதித்தது அந்த அறைக்கு, அந்த இரண்டு மணி நேரத்துக்கு, எதிரே உட்கார்ந்து வரைகிற அத்தனை பேருக்கு. உங்கள் போனுக்குச் சம்மதிக்கவில்லை. “வரையலாமாம், படமெடுக்கக் கூடாதாம், என்ன லாஜிக் இது?” என்று ஒருவர் கேட்டிருந்தார். டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றுகிறவர் வராண்டாவில் காத்திருப்பவர்களுக்கும் சேர்த்தா கழற்றுகிறார்? சார்கோலில், அதாவது கரிக்குச்சியில், நீங்கள் போடும் கோட்டை வைத்து அவர் யார் என்று சுலபத்தில் கண்டுபிடிக்க முடியாது. போட்டோவில் முகம், தழும்பு, பச்சை குத்தியது எல்லாம் இருக்கும். பல போன்களில் எடுத்த கொஞ்ச நேரத்திலேயே அது தானாக எங்கேயோ பேக்கப் ஆகிவிடும். அழித்தாலும் போனின் குப்பைத்தொட்டியில் பல நாள் கிடக்கும். “அழிச்சிட்டேனே” என்கிறவர் அதையும் காலி செய்தாரா, பேக்கப்பில் பார்த்தாரா? யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

“ரெஃபரன்ஸுக்குத்தான், வீட்டில் உட்கார்ந்து முடிக்கலாம்னு.” சரி, நல்லெண்ணம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியே பார்த்தாலும் அது உதவாது. நீங்கள் கற்றுக்கொள்ள வந்ததே கனமும் ஆழமும் உள்ள ஓர் உடலைத் தட்டையான காகிதத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதை. அந்த வேலையைக் கேமரா செய்து முடித்துவிடுகிறது, மோசமாகவும் செய்கிறது. போனின் லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. கிட்டப் போய் எடுத்தால் முன்னால் நீட்டிய கால் பூதம் மாதிரி பெருக்கும், பின்னால் இருக்கும் தலை சுருங்கும். கண்ணுக்கு நிழலுக்குள் தெரிகிற விலா எலும்பு, முதுகின் வளைவு எல்லாம் படத்தில் ஒரே கறுப்பாகிவிடும். அதைப் பார்த்து வரைந்து “எனக்கு அனாடமி வரமாட்டேங்குது” என்று புலம்புவதில் என்ன பிரயோஜனம்?

இன்னொருவர் படித்தவர். “தாமஸ் ஈக்கின்ஸே நிர்வாண மாடல்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டவர்தான்” என்று எழுதியிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியர் அவர். உண்மைதான். அந்தக் காலத்து முக்காலிக் கேமரா முன்னால் நின்றவர்களுக்கு, தங்களைப் படமெடுக்கிறார்கள் என்று தெரியும். முக்காலியில் நிற்கிற கேமராவை மறைத்து வைத்து எடுக்க முடியாது. அதே ஈக்கின்ஸ் 1886இல், தான் பாடம் நடத்திய பென்சில்வேனியா அகாடமி என்ற ஓவியப் பள்ளியை விட்டு வெளியேற வேண்டி வந்தது எதனால் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம். மாணவிகள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடுப்புத் துணியை எடுத்துவிட்டார் என்பதற்காக. லண்டனின் ராயல் அகாடமி ஓவியப் பள்ளி, பெண்களை இந்த வகுப்புக்குள் விட்டது 1893இல்தான். அதுவும் மாடலின் இடுப்பில் துணி சுற்றிய பிறகு. இவ்வளவு இழுபறிக்குப் பிறகு திறந்த கதவு இது. ஒரு மாடல் “இனி வரமாட்டேன்” என்றால் அந்த வகுப்புக்கு அது அன்றைக்கே மூடிக்கொள்ளும்.

இதையெல்லாம் ஆபாசம் என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. தாண்டிப் போய்விடுங்கள்.

“சும்மாதானே நிக்கிறாங்க” என்ற காமென்ட்தான் என்னை இங்கே உட்கார வைத்தது. சும்மா! வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு கையைத் தோளுக்கு மேலே தூக்கி ஐந்து நிமிஷம் அசையாமல் நின்று பாருங்கள். முழங்காலை இறுக்கி நேராக நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரும், அதனால் அனுபவமுள்ள மாடல் முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தியே வைத்திருப்பார். காலை மடித்து உட்கார்ந்தால் நரம்பு அமுங்கி மரத்துப்போகும். பெரும்பாலும் இருபது நிமிஷம் போஸ், ஐந்து நிமிஷம் இடைவேளை என்று வைப்பது இதனால்தான். மணி அடித்ததும் மாடலைப் பார்த்திருக்கிறீர்களா? உடனே எழ மாட்டார். அங்கியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, ஸ்டூல் விளிம்பு தொடையில் பதித்த சிவப்புக் கோட்டோடு, உணர்ச்சி திரும்பும் வரை பாதத்தை முஷ்டியால் குத்திக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் போய் நின்று கதை கேட்கக் கூடாது. உடம்பைப் பற்றிப் பாராட்டாகக்கூட ஒரு வார்த்தை பேசக் கூடாது. மேடையில் குதிகால், விரல் நுனி, கை ஊன்றிய இடம் எல்லாவற்றையும் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கும். இடைவேளைக்குப் பிறகு அதே இடத்துக்குத் திரும்புவதற்கான அடையாளம் அது. அதன் மேல் ஏறி நடந்து பிய்த்துவிட்டு, “போஸ் மாறிடுச்சு” என்று குறை வேறு.

போஸ் மாறத்தான் செய்யும், ஐயா. மூச்சு விடுகிற உடம்பு. முதல் சில நிமிஷத்தில் தோள் கொஞ்சம் இறங்கும், தலை சாயும். அதனால்தான் ஆரம்பத்திலேயே அழுத்திக் கோடு போடாதீர்கள் என்கிறோம். உடம்பு அமைந்த பிறகு உறுதி செய்யுங்கள். ரொம்ப மாறிவிட்டதென்றால் ஆசிரியரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். மாடலைப் பார்த்து “கையை இன்னும் தூக்குங்க” என்று கத்துவதும், எழுந்து போய்த் தொட்டுத் திருத்தப் பார்ப்பதும் கூடவே கூடாது. தாமதமாக வந்தால் போஸ் மாறும்வரை வாசலில் நில்லுங்கள். உங்களுக்கு வியர்க்கிறது என்று ஃபேனைக் கூட்டாதீர்கள், அந்த அறையின் சூடு உடையில்லாதவருக்காக வைத்தது. சார்கோல் உதிராமலிருக்க ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே அடிப்பதென்றால் வெளியே போய் அடியுங்கள்.

“இவ்வளவு சட்டம் பேசினா புதுசா யார் வருவாங்க?” இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சில சீனியர்கள் கேட்காமலே அடுத்தவர் காகிதத்தில் கோடு போட்டுத் திருத்துவதும், பார்த்துவிட்டு உதட்டைச் சுழிப்பதும் எனக்கும் தெரியும். அசிங்கம். ஆனால் புதியவர் தடுமாறுவது இந்தச் சட்டங்களாலா? முதல் போஸ் ஒரு நிமிஷம் என்றதும் கண்ணில் ஆரம்பித்து, இமை மயிரைப் போடுவதற்குள் மணி அடித்துவிடுகிறது. அதனால்தான் போட்டோவைத் தேடுகிறார்.

ஒரு நிமிஷப் போஸை முடிக்க வேண்டியதே இல்லை. வெளிக்கோட்டை விடுங்கள். தலையிலிருந்து முதுகுத்தண்டு வழியாக, எடை தாங்குகிற கால் வரை ஒரே வீச்சில் ஒரு கோடு. அப்புறம் தோளின் சாய்வுக்கு ஒன்று, இடுப்பின் சாய்வுக்கு ஒன்று. ஒற்றைக் காலில் எடை போட்டு நிற்கிறவரின் இடுப்பு அந்தப் பக்கம் மேலே ஏறும், அதே பக்கத் தோள் இறங்கும். பென்சிலைத் தூக்குக்குண்டு மாதிரி செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பாருங்கள், கழுத்துக்குழி ஏறக்குறைய எடை தாங்கும் காலின் கணுக்காலுக்கு நேர் மேலே இருக்கும். உங்கள் உருவம் காகிதத்தில் சரிந்து விழுகிற மாதிரி தெரிகிறதா? அநேகமாக இந்த இடத்தில்தான் தவறியிருப்பீர்கள். இந்த மூன்று கோடுகளைப் பிடிப்பதற்குத்தான் சின்னப் போஸ்கள். இதில் போட்டோவுக்கு வேலையே இல்லை.

இருபது நிமிஷப் போஸ் வந்தால், முதலில் உச்சந்தலை எங்கே, பாதம் எங்கே என்று காகிதத்தில் இரண்டு அடையாளம் போடுங்கள். போடாவிட்டால் பாதம் காகிதத்துக்கு வெளியே போய்விடும், எல்லா வகுப்பிலும் நடப்பது இது. அளக்கும்போது முழங்கை மடங்கக் கூடாது. ஒரு கண்ணை மூடி, கையை முழுக்க நீட்டி, பென்சில் நுனியில் தலையின் உயரத்தை எடுத்து, அதை வைத்து மற்றதை அளங்கள். நிற்கிற வயதுவந்தவர் சுமார் ஏழு, ஏழரைத் தலை உயரம். பாதி உயரம் இடுப்பில் வராது, அதற்கும் கீழே, தொடைகள் சேரும் இடத்தை ஒட்டி வரும். உட்கார்ந்திருந்தாலோ, கால் உங்களை நோக்கி நீண்டிருந்தாலோ இந்தக் கணக்கை மறந்துவிட்டுக் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் அளங்கள். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை கையின் நீளம், மோவாயிலிருந்து முன்நெற்றி முடி வரை உள்ள நீளம் இருக்கும். புதியவர்கள் எல்லோரும் அதைக் குழந்தைக் கையாகப் போடுகிறார்கள். பலகையை மடியில் படுக்க வைத்தால் காகிதத்தின் மேல் பாதி கண்ணுக்குச் சுருங்கித் தெரியும், ஈடுகட்டத் தலையைப் பெரிதாக்கிவிடுவீர்கள். நிமிர்த்தி வையுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நிழல் முழுவதையும் முதலில் ஒரே சாயலில் நிரப்புங்கள். விரலால் தேய்க்காதீர்கள், தோலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் சார்கோல் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். கூச்சத்தில் இடுப்புக்குக் கீழே வெறுமையாக விடுகிறவர்களுக்கு ஒன்று: பார்க்கிறவர் கண் நேராக அந்த வெற்றிடத்துக்குத்தான் போகும். முழங்கையை எப்படி வரைவீர்களோ அப்படியே அதையும் வரைந்துவிட்டு மேலே போங்கள்.

முடியாமல் நின்றுபோன படத்தை வீட்டில் முடிக்க வேண்டாம். அது குறைபட்ட படம் இல்லை, இருபது நிமிஷத்தில் நீங்கள் எவ்வளவு பார்த்தீர்கள் என்பதன் கணக்கு.

எழுத எழுதக் கோபம் ஏறுகிறதே தவிர இறங்கவில்லை. “காசு வாங்கிட்டுத்தானே நிக்கிறாங்க” என்று எழுதியவருக்கு நாற்பது லைக். அதில் வரைகிறவர்களும் இருக்கிறார்கள், பெயர்களைப் பார்த்தேன். அந்த மாடல் அந்தப் பதிவைப் படித்திருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. படமெடுத்தவரின் மனம் புண்பட்டதற்கு இத்தனை பேர். மேடையில் நின்றவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க ஒருவரும் இல்லை.

வகுப்பு நடத்துகிறவர்களே, நீங்களும் இதில் வாயைத் திறக்கவில்லை. மாடல் அங்கியைக் கழற்றுவதற்கு முன்னால், போன் எல்லாம் அணைத்துப் பைக்குள் போக வேண்டும், மேடைப் பக்கம் யாரும் வரக் கூடாது, போஸைப் பற்றி என்னிடம் மட்டும் பேசுங்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டும். வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறோம் என்று சமாளிக்காதீர்கள். வாயால் சொல்லுங்கள், ஒவ்வொரு வகுப்பிலும், மாடலின் காதில் விழுகிற மாதிரி.