எண்ணெய் ஈரம் ஆகாது

"முடி இப்படிக் காய்ந்து கிடக்கிறதே, கொஞ்சம் எண்ணெய் வையேன்." சுருட்டை முடி இருக்கிறவர்கள் வாழ்நாளில் அதிகம் கேட்கிற வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். நானும் பதினைந்து வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்தேன். காலையில் காய்ந்த முடியில் எண்ணெய், மாலையில் மறுபடியும் எண்ணெய். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும், விரலை உள்ளே விட்டால் வைக்கோல். ஒரே தலை எப்படிப் பிசுபிசுப்பாகவும் வறட்சியாகவும் இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை, கடைசியில் "நம் முடியே இப்படித்தான்" என்று விட்டுவிட்டேன். அது முடியின் குற்றம் இல்லை என்று தெரிந்துகொள்ள இவ்வளவு காலம் ஆனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. என் மகளுக்கு என்னைவிடச் சுருட்டை அதிகம். அவள் அந்தப் பதினைந்து வருடத்தைத் தொலைக்க வேண்டியதில்லை என்றுதான் இதை எல்லாம் கற்றுக்கொண்டேன்.

எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. சொன்னால் "இது தெரியாதா" என்பார்கள், ஆனால் முடி வறண்டதும் கை எங்கே போகிறது? எண்ணெய்ப் புட்டிக்குத்தான். முடியை மெத்தென்று ஆக்குவதும் ஒடியாமல் வளைய விடுவதும் தண்ணீர். நன்றாக நனைந்த முடி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை தண்ணீரைக் குடிக்கும். எண்ணெயின் வேலை வேறு: உள்ளே போன ஈரம் சீக்கிரம் போய்விடாமல் தடுப்பது, இழையோடு இழை உரசாமல் வழுக்க வைப்பது. உள்ளே ஒன்றுமே இல்லாதபோது மேலே மூடி போட்டு என்ன பயன்?

இதைப் படித்துவிட்டு எண்ணெயே கெட்டது என்று யாரும் கிளம்ப வேண்டாம். தேங்காய் எண்ணெய்க்கு ஒரு தனி இடம் உண்டு. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவி ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் அதிகம் இருக்கிற லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு, அதனால் முடிக்குள்ளேயே போய்விடுகிறது, மற்ற இரண்டும் மேலேயே நின்றுவிடுகின்றன. உள்ளே போன எண்ணெய் என்ன செய்யும் என்றால், குளிக்கும்போது முடி அளவுக்கு மீறி ஊதிப்போகாமல் காக்கும். அதனால்தான் நான் எண்ணெயைக் குளித்த பிறகு வைப்பதை விட்டுவிட்டுக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைக்கிறேன், அதுவும் முடியின் பாதியிலிருந்து நுனி வரைக்கும் மட்டும். பொடுகு இருந்தால் தலைத்தோலில் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பொடுகோடு தொடர்புள்ள மலஸீசியா பூஞ்சைக்குத் தீனியே கொழுப்புதான்.

சரி, சுருட்டை முடி மட்டும் ஏன் இவ்வளவு வறள்கிறது? தலைத்தோல் எண்ணெய் சுரப்பது எல்லோருக்கும்தான். நேரான முடியில் அது வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும். சுருளில் ஒவ்வொரு வளைவிலும் திரும்பித் திரும்பி இறங்க வேண்டும், நுனி வரை வந்து சேர்வதே இல்லை. அது போக, சுருட்டை இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, நசுங்கிய நீள்வட்டமாக இருக்கும். அந்த வளைவுகளில்தான் இழையைப் போர்த்தியிருக்கிற மேல் செதில்கள் தூக்கிக்கொள்ளும், ஈரம் ஓடும், முடி ஒடியும். இன்னொன்றும் யோசிக்க வேண்டும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் என்றால், 40 சென்டிமீட்டர் நீள முடியின் நுனிக்கு மூன்று வயதுக்கு மேல். மூன்று வருட வெயில், சீப்பு, ஷாம்பு எல்லாவற்றையும் பார்த்த நுனி அது. வேரும் நுனியும் ஒரே மாதிரி கவனிப்பைக் கேட்காது.

இனி வீட்டில் நான் செய்வது. வாரத்துக்கு ஒரு முறை, அவ்வளவுதான்.

ஷாம்பு தலைத்தோலுக்கு. முடி நீளத்துக்கு என்று தனியாகத் தேய்க்க வேண்டியதில்லை, அலசும்போது வழிந்து போகிற நுரையே போதும். சோடியம் லாரில் சல்ஃபேட் என்கிற கடுமையான நுரைப்பான் பொருள் பட்டியலின் முதல் வரிசையில் இருக்கிற ஷாம்புவை எங்கள் இருவர் தலைக்கும் நான் போடுவதில்லை, கோகமிடோப்ரோப்பில் பீட்டைன் போன்ற மென்மையான நுரைப்பான் உள்ளதைத்தான் வாங்குகிறேன். தண்ணீர் உப்புத்தண்ணீராக, கடினமாக இருந்தால் கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிந்து எதைப் போட்டாலும் சொரசொரப்பு போகாது. அப்போது மாதத்துக்கு ஒரு தடவை அந்த உப்புகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற ஈடிடிஏ சேர்த்த ஷாம்பு ஒன்று உதவும்.

அடுத்தது கண்டிஷனர். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஷாம்பு போட்டதும் டவலால் துவட்டிவிட்டு, ஈரம் போன முடியில் பூசுகிறார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும்போதே போட வேண்டும். முடியை நான்காகப் பிரித்துக் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள், அடர்த்தி அதிகம் என்றால் ஆறாக. ஒரு பாகத்தை எடுத்துக் கண்டிஷனரைத் தடவி, உள்ளங்கைக்குள் வைத்து நுனியிலிருந்து மேலே கசக்கிக் கசக்கி விடுங்கள். முதலில் ஒன்றும் கேட்காது. கையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் எடுத்து ஊற்றிக் கசக்கினால் சளப் சளப் என்று ஒரு சத்தம் வரும், ஈரக் கடற்பஞ்சைப் பிழிகிற மாதிரி. அந்தச் சத்தம் வரும் வரை தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். தனித்தனியாக முறைத்துக்கொண்டு நின்ற இழைகள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து, தண்ணீருக்குள் அசைகிற பாசி மாதிரி வழுக்கும். அந்த நேரத்தில்தான் விரலால் சிக்கு எடுக்க வேண்டும், அதன் பிறகு அகலப் பல் சீப்பு, நுனியில் ஆரம்பித்து மெல்ல மெல்ல மேலே. காய்ந்த சுருட்டை முடியில் சீப்பு போட நான் இப்போது யாரையும் அனுமதிப்பதில்லை. ஒரு முறை முடி வெட்டப் போன இடத்தில் என் மகளின் காய்ந்த முடியை மெல்லிய பல் சீப்பால் உச்சியிலிருந்து கீழே இழுத்தார்கள். தரையில் கிடந்தது பாதி வெட்டிய முடி, பாதி ஒடிந்த முடி. அவளுக்கு அப்போது ஆறு வயது, அதற்கப்புறம் பல மாதம் சீப்பைக் கையில் எடுத்தாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் அங்கேயே நின்றுகொண்டு எதுவும் சொல்லாமல் இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

எல்லாப் பாகத்துக்கும் போட்டு முடித்ததும் ஷவர் கேப், அதன் மேல் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த டவல். இருபது நிமிடம், மிஞ்சிப்போனால் அரை மணி நேரம். இளஞ்சூடு இருந்தால் கண்டிஷனர் இன்னும் நன்றாக வேலை செய்யும். இரவு முழுக்க வைத்தால் இன்னும் ஈரமாகும் என்று நினைத்து இரண்டு மாதம் அப்படியும் செய்து பார்த்தேன். முடி மெத்தென்று ஆனது உண்மைதான், கூடவே நனைந்த ரப்பர் மாதிரி இழுத்தால் நீண்டுகொண்டே போய்ப் பட்டென்று அறுந்தது. மணிக்கணக்காக ஈரத்தில் ஊறுவதும் பிறகு சுருங்குவதுமாகத் திரும்பத் திரும்ப நடந்தால் மேல் செதில்கள் பலவீனமாகிவிடும். அப்படி ஆன முடிக்கு இன்னும் ஈரம் கொடுக்கக் கூடாது, ஹைட்ரோலைஸ்டு புரதம், அதாவது சிறு துண்டுகளாக உடைத்த புரதம் உள்ள கண்டிஷனர் ஒரு சில வாரம் போட வேண்டும். அதையே தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தால் முடி விறைத்துக் குச்சியாகும், அப்போது நிறுத்திவிட வேண்டும். ஈரமான ஒற்றை முடியை இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாக இழுத்துப் பாருங்கள், எது தேவை என்று அதுவே சொல்லும்.

எந்தக் கண்டிஷனர் என்று உள்பெட்டியில் கேட்காதீர்கள், புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெஹென்ட்ரைமோனியம், செட்ரிமோனியம் என்று ஆரம்பிக்கிற பெயர்கள் முன்வரிசையில் இருந்தால் நல்லது. அவற்றுக்கு நேர் மின்னூட்டம், தேய்ந்த முடிக்கு எதிர் மின்னூட்டம், எங்கே சேதம் அதிகமோ அங்கே போய்த் தானாக ஒட்டிக்கொள்ளும். அந்த எளிமையான சூட்சுமத்துக்காகவே எனக்குக் கண்டிஷனர் மேல் பெரிய மரியாதை. ஆல்கஹால் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். செட்டைல், ஸ்டியரில், செட்டியரில் ஆல்கஹால்கள் மெழுகு மாதிரியானவை, முடிக்கு நல்லவை. ஐசோப்ரோப்பில் மாதிரி ஆவியாகிப் போகிறவைதான் காயவைக்கும். கிளிசரின் மட்டும் காற்றைப் பார்த்து நடந்துகொள்ளும். நல்ல ஈரக்காற்றில் அளவுக்கு மீறி ஈரத்தை இழுத்து முடியைப் பொங்க வைக்கும், வறண்ட காற்றில் போட்ட பலனே தெரியாது. ஒரே க்ரீம் ஒரு மாதம் அற்புதமாகவும் அடுத்த மாதம் மோசமாகவும் இருந்தால் முதலில் பருவத்தைப் பாருங்கள்.

அலசும்போது முழுவதுமாக அலசித் தள்ளாமல் கொஞ்சம் வழுவழுப்பை விட்டுவிடுகிறேன். அதன் மேல் தலையில் விட்டுவிடுகிற வகைக் க்ரீம், அதற்கும் மேல் ஜெல், எல்லாமே முடி சொட்டிக்கொண்டிருக்கும்போதே. சிலர் தண்ணீர், எண்ணெய், க்ரீம் என்ற வரிசையில் போடுவார்கள், சிலர் எண்ணெயைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். எது முதலில் என்று பெரிய சண்டையே நடக்கிறது. இரண்டிலும் தண்ணீர்தான் முதலில், அது மாறாத வரைக்கும் எனக்கு எதுவும் சம்மதம். துவட்டுவதற்குச் சொரசொரப்பான டவல் வேண்டாம், பழைய பருத்தி டி-ஷர்ட்டால் கசக்கி எடுத்தால் போதும். பிறகு முழுக்கக் காயும் வரை கையை வைக்கக் கூடாது. இதுதான் என் மகளுக்கு ரொம்பக் கஷ்டம், எனக்கும்தான். காய்ந்ததும் ஜெல் மொறுமொறுவென்று ஓடு மாதிரி நிற்கும், பயந்துவிடாதீர்கள், கைகளால் கசக்கினால் ஓடு உடைந்து உள்ளே இருக்கிற சுருள் மெத்தென்று வெளியே வரும்.

வீட்டிலேயே தயாரிப்பது பற்றி ஒரு வார்த்தை. ஆளிவிதையைக் கொதிக்க வைத்து வடிகட்டிய ஜெல் நன்றாகவே இருக்கும், நானும் செய்கிறேன். ஆனால் அதில் கெடாமல் காக்கிற மருந்து எதுவும் இல்லை, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களில் தீர்த்துவிட வேண்டும், வாடை மாறினால் கொட்டிவிட வேண்டும். சமையல் சோடாவால் தலை கழுவச் சொல்கிற பதிவுகளைப் பார்த்தால் கோபம் வருகிறது. தலைத்தோலின் பிஹெச், அதாவது அமில-கார அளவு, ஏறக்குறைய 5.5, சோடாக் கரைசலுக்கு 8க்கு மேல். ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருக்கிற செதிலை இன்னும் கிளப்பிவிடுகிற வேலை அது. காய்ந்த முடிக்கு அதைவிடக் கெடுதல் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சுருளை 2ஏ, 3பி, 4ஏ என்று வகைப்படுத்துகிற அட்டவணை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரராக இருந்த ஆண்ட்ரே வாக்கர் கொண்டுவந்தது. பார்ப்பதற்கு வசதி, ஆனால் அது சுருளின் வடிவத்தைத்தான் சொல்லும், தாகத்தைச் சொல்லாது. தண்ணீர் முடி மேல் முத்து முத்தாக நிற்கிறதா, உடனே உள்ளே போய்விடுகிறதா என்று குளிக்கும்போதே கவனியுங்கள். நின்றால் கண்டிஷனருக்குச் சூடு வேண்டும், லேசான பொருட்கள் போதும். உடனே போய்விட்டால் அதே வேகத்தில் வெளியேயும் வரும், அதற்குத்தான் கெட்டியான க்ரீம், மேல்பூச்சு எண்ணெய் எல்லாம். டம்ளர் தண்ணீரில் முடியைப் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கிற சோதனையை நான் நம்புவதில்லை, லேசாக எண்ணெய்ப் பசை இருந்தாலே மிதந்துவிடும்.

முதல் சில வாரம் குளியலறையில் கைநிறைய முடி வரும், நானே பயந்துபோயிருக்கிறேன். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. வாரத்துக்கு ஒரு தடவை சிக்கு எடுக்கிறவர்களுக்கு ஏழு நாள் கணக்கும் ஒரே நாளில் கையில் வரும். ஒவ்வொன்றாகப் பாருங்கள். முழு நீளமாக, ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழோடு இருந்தால் அது தானாக உதிர வேண்டியது. குட்டையாக, குமிழ் இல்லாமல் இருந்தால் ஒடிந்தது, அதைத்தான் ஈரம் கொடுத்துக் குறைக்க முடியும். வட்ட வட்டமாகக் கொட்டினாலோ தலைத்தோலில் புண் இருந்தாலோ கண்டிஷனரைத் தேடாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். வெடித்த நுனியை ஒட்டவைக்கிற மருந்து எதுவும் கிடையாது, அதை வெட்டத்தான் வேண்டும்.

எங்களுக்குப் பலன் தெரிய மூன்று மாதம் ஆனது. பள்ளியில் "பரட்டை" என்று கூப்பிட்டார்கள் என்று அழுத பெண்ணுக்கு இப்போது ஒன்பது வயது. குளிக்கும் நாளில் அவளே முடியை நான்காகப் பிரித்துக் கிளிப் போட்டுக்கொண்டு, கசக்கும்போது சத்தம் வருகிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்கிறாள். பின்கழுத்துப் பக்கம் மட்டும் கை எட்டவில்லை. "அம்மா, இங்கே மட்டும்" என்று திரும்பி உட்கார்ந்துகொள்வாள், சீப்பை அவளே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு.