கியூபாவில் ஜெயித்தது வீரமா, பேரமா?

எல்லையில் ஏதாவது உரசல் என்றால் போதும், டிவி விவாதத்தில் யாராவது ஒருவர் 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியை இழுத்து வந்துவிடுவார். "அமெரிக்க ஜனாதிபதி கென்னடி அசையாமல் நின்றார், சோவியத் தலைவர் குருஷேவ் மூட்டையைக் கட்டினார். உறுதியாக நின்றால் எதிரி பணிவான்" என்பார். மற்றவர்களும் தலையாட்டுவார்கள். சர்வதேச உறவுகள் என்ற படிப்பில் இந்த அளவுக்கு அலசிக் காயப்போடப்பட்ட நிகழ்ச்சி வேறு இருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் ஊரில் உலவுவதோ பாதிக் கதை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு இன்றைக்கு எப்படிச் சண்டை போடலாம் என்று யோசனை சொல்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆற்றவில்லை.

கதைச்சுருக்கம் எல்லோருக்கும் தெரியும். அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் கியூபாவில் சோவியத் ஏவுகணைத் தளங்களைப் படமெடுத்தது. 22 அன்று கென்னடி டிவியில் தோன்றிக் கடல் முற்றுகையை அறிவித்தார். 24 அன்று, கண்ணோடு கண் பார்த்து நின்றோம், எதிராளிதான் முதலில் இமைத்தான் என்றார் வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க். இந்த வசனம்தான் அறுபது வருஷமாக ஓடுகிறது. உண்மையில் ஏவுகணை ஏற்றி வந்த கப்பல்கள் அதற்கு முந்தைய நாளே திரும்பிவிட்டன. அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்கும் அவற்றுக்கும் நடுவே பல நூறு மைல் கடல் கிடந்தது. கண்ணும் இல்லை, இமையும் இல்லை.

விஷயம் முடிவானது 27ஆம் தேதி, சனிக்கிழமை. கியூபாவுக்கு மேல் ஒரு யூ-2 சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி ருடால்ஃப் ஆண்டர்சன் இறந்தார். துருக்கியில் இருக்கும் உங்கள் ஏவுகணைகளை எடுங்கள், நாங்கள் கியூபாவில் எடுக்கிறோம் என்று மாஸ்கோ வானொலி அறிவித்தது. கென்னடியின் ஆலோசகர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. கென்னடி அந்தக் கூட்டங்களை ரகசியமாகப் பதிவு செய்து வைத்திருந்தார், பிற்காலத்தில் அவை வெளியாயின. ஐ.நா.வில் உள்ளவர்களுக்கும் சரி, விவரமுள்ள யாருக்கும் சரி, இது நியாயமான பேரமாகத்தான் படும் என்று அவர் சொல்வது அதில் இருக்கிறது. வீராதிவீரர் என்று நாம் கொண்டாடும் அதே கென்னடிதான்.

அன்று மாலை ஜனாதிபதியின் தம்பி ராபர்ட் கென்னடி, சோவியத் தூதர் டோப்ரினினைத் தன் அலுவலகத்துக்கு வரவழைத்தார். கியூபா மீது படையெடுக்க மாட்டோம், இதை வெளிப்படையாகவே சொல்கிறோம். துருக்கியில் இருக்கும் ஜூபிடர் ஏவுகணைகளை நாலைந்து மாதத்தில் எடுத்துவிடுகிறோம், ஆனால் இது வெளியே வரக்கூடாது. இதுதான் பேரம். குருஷேவ் மறுநாளே ஒப்புக்கொண்டார். அந்த 15 ஜூபிடர்களும் 1963 ஏப்ரலுக்குள் போய்விட்டன. (அவை ஏற்கெனவே காலாவதியான சரக்கு என்பது வேறு விஷயம்.)

டோப்ரினின் தன் நினைவுக் குறிப்புகளில் ஒன்று சொல்கிறார். அவசரச் செய்தியைத் தூதரகத்தில் சங்கேத எண்களாக மாற்றி, தந்தி கம்பெனிக்கு போன் செய்வார்களாம். ஒரு பையன் சைக்கிளில் வந்து வாங்கிப் போவானாம். அணுகுண்டு யுத்தம் வருமா வராதா என்பது அந்தச் சைக்கிள் கேரியரில் போய்க்கொண்டிருந்தது! மறுவருஷம் ஜூனில் இரு நாடுகளும் நேரடித் தொடர்புக்கு ஒப்பந்தம் போட்டதில் ஆச்சரியம் இல்லை.

பேரம் படிந்ததும் அதை எழுத்தில் வைக்க நினைத்தார் குருஷேவ். துருக்கியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வந்தது. ராபர்ட் அதை வாங்கியும் வைத்துக்கொள்ளாமல் டோப்ரினினிடமே திருப்பிக் கொடுத்தார். இப்படி ஒரு காகிதம் என்றைக்காவது வெளியே வந்தால் தன் அரசியல் வாழ்க்கைக்கே கேடு என்ற பயம்.

அத்தோடு நிற்கவில்லை. துருக்கி ஏவுகணைகளைக் கொடுத்துப் பேசி முடிக்கலாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னவர் ஐ.நா. தூதர் அட்லாய் ஸ்டீவன்சன். டிசம்பரில் ஒரு பெரிய பத்திரிகையில் கட்டுரை வந்தது. 1938இல் ஹிட்லருக்குப் பணிந்த முனிச் ஒப்பந்தம் போல இன்னொன்றை ஸ்டீவன்சன் விரும்பினார் என்று ஓர் அதிகாரி குத்தியதாக அதில் எழுதினார்கள். எழுதிய இருவரில் ஒருவர் கென்னடியின் நெருங்கிய நண்பர். ஸ்டீவன்சன் சொன்னதைத்தான் ரகசியமாகச் செய்துமுடித்திருந்தார்கள், கோழைப் பட்டம் மட்டும் அவருக்கு. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் மனசு கொதிக்கும் இடம் இதுதான். விட்டுக்கொடுத்தவர்களின் மீசையில் மண் ஒட்டவில்லை என்று காட்ட, யோசனை சொன்னவர் முகத்தில் அதைப் பூசினார்கள்.

ரகசியம் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். துணை ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அந்தச் சிறு வட்டத்தில் இல்லை. பின்னால் வியட்நாமில் படையைக் குவித்தவர் அவர்தான். கியூபாவில் முறைத்தே ஜெயித்தோம் என்று நம்பியவருக்கு வியட்நாமிலும் முறைத்தால் போதும் என்று தோன்றியிருக்கும் என்பது என் கணிப்பு. வியட்நாமுக்கு வேறு பல காரணங்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பொய்க் கணக்கைப் படித்தவர் போடும் அடுத்த கணக்கு சரியாக வராது. குருஷேவுக்கும் அடிதான். பதிலுக்கு ஒன்றை வாங்கியும் அதை ஊரறியச் சொல்ல முடியாத நிலை. 1964இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கியபோது சுமத்திய குற்றங்களில் கியூபாவும் ஒன்று.

1969இல் வந்த ராபர்ட்டின் நினைவு நூலிலும் பேரம் பேரமாகத் தெரியாது. அதைப் பதிப்பித்த, கென்னடியின் ஆலோசகர் சோரன்சன், ராபர்ட்டின் நாட்குறிப்பில் தெளிவாக இருந்ததைத் தானே மாற்றியதாக 1989இல் மாஸ்கோவில் நடந்த மாநாட்டில் ஒப்புக்கொண்டார். ஒரு தலைமுறையே தவறான விடைத்தாளைப் பார்த்து எழுதியிருக்கிறது. அந்த விடைத்தாளைத்தான் நம் விவாதக்காரர்கள் இன்னமும் கையில் வைத்திருக்கிறார்கள்.

பேரம் என்றவுடன் அதை நான் புனிதமாக்குவதாக நினைக்க வேண்டாம். ஏவுகணை இருந்தது துருக்கி மண்ணில், துருக்கியை யாரும் கேட்கவில்லை. கியூபாவையும் கேட்கவில்லை. கோபத்தில் கியூபத் தலைவர் காஸ்ட்ரோ, ஏவுகணைகள் அகற்றப்படுவதைச் சரிபார்க்க வேண்டிய ஐ.நா. பார்வையாளர்களைத் தன் நாட்டுக்குள் விட மறுத்தார், ஐந்து கோரிக்கைகளையும் வைத்தார். கியூபா மண்ணில் அமெரிக்கா வைத்திருக்கும் குவாண்டனாமோ கடற்படைத் தளத்தைத் திருப்பிக் கொடு என்பது அதில் ஒன்று. தளம் இன்றும் அமெரிக்காவிடம்தான் இருக்கிறது.