நைட் ஷிஃப்ட்ல ஃபோன் வரலன்னா நிம்மதியாயிடாதீங்க

போன வாரம் எங்க மெஷின் ஷாப்ல ஒரு பையனுக்கு சூப்பர்வைசர் ப்ரமோஷன் குடுத்தாங்க. ராய்ச்சூர் பக்கத்துப் பையன், ஆறு வருஷமா சிஎன்சி, அதான் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்ல ஓடுற மெஷின், ஓட்டுறான், செட்டிங் போட்டான்னா ரெண்டாவது பீஸ்லயே சைஸ் வந்துரும், அப்படி ஒரு கை. ஸ்வீட் பாக்ஸோட வந்து நின்னு "ஏனாதரூ ஹேளி அண்ணா"ன்னான், ஏதாவது சொல்லுங்கன்னு. நல்லா பண்ணுப்பான்னு மட்டும் சொல்லி அனுப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததுல இருந்து மனசு கேக்கல, சொல்ல வேண்டியதச் சொல்லாம விட்டுட்டோமேன்னு, அதான் இங்க எழுதுறேன்.

நான் 2006ல பெங்களூர் பீனியா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்கு வந்தவன். கிருஷ்ணகிரி பக்கம் ஊரு, ஐடிஐ டர்னர். 2012ல சூப்பர்வைசர் ஆக்குனாங்க. சனிக்கிழமை வரைக்கும் மெஷின் முன்னாடி நின்னவன், திங்கக்கிழமை காலைல பதினாலு பேருக்குப் பொறுப்பு, அவ்வளவுதான். புது மெஷின் வாங்குனா அஞ்சு நாள் ட்ரெய்னிங் குடுக்குறாங்க, பதினாலு மனுஷங்கள ஒருத்தன் கையில குடுக்கும்போது ஒரு மணி நேரம் கூட உக்கார வச்சுச் சொல்லித்தர ஆளில்ல. ஒயிட்ஃபீல்டுல ஐடில இருக்குற என் மச்சான்கிட்ட சொன்னா அங்கயும் இதே கதைதாங்குறாரு, நல்லா கோட் எழுதுறவனப் புடிச்சு மேனேஜர் ஆக்கிடறாங்களாம். சொல்லித்தராட்டி என்ன பண்ணுவோம், நமக்கு மேல இருந்தவர் எப்படி இருந்தாரோ அப்படித்தான் இருப்போம். எனக்கு மேல இருந்தவர் கத்துவாரு. நானும் கத்துனேன்.

ஒரு நாள் டீ டைம்ல, ஒடிசா பையன் ஒருத்தன் நாலு பீஸ் ரிஜெக்ஷன் ஆயிருச்சுன்னு அவனே சிவப்பு ட்ரேல போட்டு எடுத்துட்டு வந்து காட்டுனான். அவனே வந்து காட்டுனான், இத நல்லா கவனிங்க. நான் அந்த ட்ரேய தூக்கி எல்லார் முன்னாடியும் பெஞ்சுல டொம்முனு வச்சு, இதுக்கெல்லாம் உங்கப்பன் வந்து காசு கட்டுவானான்னு கேட்டேன். கிளாஸ கீழ வச்சுட்டு மெஷினுக்குப் போயிட்டான். டீய குடிக்கவே இல்ல. அவன் மட்டும் இல்ல, அன்னைக்கு அங்க நின்ன எல்லாருமே அதுல இருந்து ஒண்ணு கத்துக்கிட்டாங்க, இந்தாளுகிட்ட தப்ப எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு.

மூணு வாரம் கழிச்சு அதே பையன் நைட் ஷிஃப்ட்ல இருக்கான், பேரிங் உக்கார்ற ஓட்டைய, அதாவது போர், கடையிற ஜாப். இன்சர்ட், அதாவது வெட்டுற முனை, தேயத் தேய போர் கொஞ்சம் கொஞ்சமா சின்னதாகும், ஓட்டைக்குள்ள விட்டு அளவு பாக்குற ப்ளக் கேஜோட கோ சைடு, லேசா நுழைய வேண்டிய பக்கம், டைட்டா போக ஆரம்பிக்கும். அப்ப மெஷின நிப்பாட்டி, டூல் அளவத் திருத்துற ஆஃப்செட் பாத்து, இன்சர்ட் மாத்தி, முன்னாடி எடுத்த பீஸையெல்லாம் திரும்ப செக் பண்ணணும். அவனுக்குத் தெரியாதா, நல்லாவே தெரியும். ஆனா மெஷின நிப்பாட்டுனா எனக்கு ஃபோன் பண்ணணுமே. கேஜுல எண்ணெயத் தடவி அழுத்தி நுழைச்சு ஓகேன்னு எழுதிட்டான். அந்த லாட் கஸ்டமருக்குப் போயி, அங்க பேரிங் உக்காரல, அவங்க லைன் நின்னுபோச்சு. நாலு பேரு ரெண்டு நாளு அவங்க ஸ்டோர்ஸ்ல தரையில உக்காந்து ஒவ்வொரு பீஸா கேஜ் போட்டுப் பிரிச்சோம். அங்க வச்சு அவன்கிட்ட மெதுவா கேட்டேன், ஏம்ப்பா ஃபோன் பண்ணலன்னு. தலைய நிமிராமலே "டர் லக்தா ஹை சார்"னான். பயமா இருக்கு சார்.

க்வாலிட்டி ட்ரெய்னிங் போன எல்லாருக்கும் அமெரிக்க க்வாலிட்டி நிபுணர் டெமிங் பேரு தெரியும், அவரோட 14 பாயிண்ட சுவத்துல ஒட்டி வச்சிருக்குற கம்பெனியெல்லாம் உண்டு. அதுல எட்டாவது பாயிண்ட், பயத்த வெளிய விரட்டு. சுவத்துல இருந்துச்சு, நானும் தினமும் அதத் தாண்டித்தான் போனேன், ஒரு நாளும் என்னைப் பத்தின விஷயம்னு தோணல.

அதுக்கப்புறம் மாத்திக்கிட்டேன். ஒரே நாள்ல இல்ல, கோவம் நாக்கு நுனிலதான் நிக்கும். யாரு பண்ணதுன்னு கேக்குறத விட்டுட்டு என்ன ஆச்சுன்னு கேக்கப் பழகுனேன். திட்ட வேண்டியது இருந்தா கதவ சாத்திட்டு அவன்கிட்ட மட்டும். வாட்ஸ்அப் குரூப்ல ராத்திரி ரிஜெக்ஷன் ஃபோட்டோ போட்டு பேரை டேக் பண்றத அடியோட விட்டேன், தயவுசெஞ்சு நீங்களும் விடுங்க, அந்த மெசேஜ அவன் பொண்டாட்டி புள்ளைங்க கூட சாப்பிட உக்காந்திருக்கும்போது பாக்குறான். இதுக்காக எல்லாத்தையும் விட்டுக்குடுக்கச் சொல்றேன்னு நினைக்காதீங்க. தப்பு பண்ணிட்டு வந்து சொன்னவனுக்கு எங்கிட்ட திட்டு கிடையாது, கேஜே போடாம ரிப்போர்ட்ல நம்பர் எழுதுறவன நான் இன்னைக்கும் விடமாட்டேன்.

இதுல யாரும் முன்கூட்டி சொல்லாத ஒண்ணு, முதல் ரெண்டு மாசம் ரிஜெக்ஷன் கூடிருச்சு. ஜிஎம் கூப்பிட்டு என்னய்யா ஆளுங்க ரொம்ப மெத்தனமாயிட்டாங்களான்னாரு. உண்மையில தப்பு கூடல, ஒளிஞ்சு கிடந்தது வெளிய வந்துச்சு. ஹார்வர்ட்ல எய்மி எட்மண்ட்சன்னு ஒரு பேராசிரியை, 1990கள்ல ஆஸ்பத்திரிகள்ல மருந்து மாத்திக் குடுக்குற மாதிரி தப்புகள ஆராய்ச்சி பண்ணாங்க. நல்ல டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு பாத்தா, கணக்குல அங்கதான் ஜாஸ்தி இருந்துச்சு. நோண்டிப் பாத்தா, அங்க தைரியமா வெளிய சொல்றாங்க, மத்த இடத்துல மறைக்குறாங்க. டொயோட்டா கார் ஃபேக்டரி லைன்ல தலைக்கு மேல ஒரு கயிறு இருக்கும், இப்ப சில ப்ளாண்ட்ல அதுக்குப் பதிலா பட்டன், சந்தேகம்னா யாரு வேணா இழுக்கலாம், டீம் லீடர் ஓடி வருவாரு, அவர் வந்தும் சரியாகலன்னா லைனே நிக்கும். கயிறு கட்டுறதுக்கு என்ன பெரிய செலவு, இழுத்தவன முறைக்காம இருக்குறதுதான் கஷ்டம்.

இன்னொண்ணு, பெங்களூர்ல இருக்குற நம்மாளுங்களுக்கு. ஷாப்ல நம்ம பசங்களோட தமிழ்ல பேசி சிரிச்சுட்டு இருப்போம், தப்பே இல்லன்னு நினைப்போம். பக்கத்துல நிக்குற ஒடிசா பையனுக்கும் குல்பர்கா பையனுக்கும் என்ன தோணும்? ஓவர்டைம், லீவு எல்லாம் இவங்களுக்குள்ளயே முடிஞ்சிரும்னு தோணும். எனக்கு அது புரியவே ரொம்ப வருஷம் ஆச்சு. இப்ப வேலை விஷயம்னா எல்லாருக்கும் கேக்குற மாதிரி கன்னடம், தெரியாதவங்களுக்கு ஹிந்தி, என் கன்னடம் தப்பும் தவறுமாதான் இருக்கும், பரவால்ல.

இத்தனையும் அந்த ராய்ச்சூர் பையன்கிட்ட நேத்து கேன்டீன்ல உக்காந்து சொல்லிட்டேன். கடைசியா கேட்டான், அண்ணா, மேல இருக்குறவங்க என்னைத் திட்டுனா நான் என்ன பண்றதுன்னு. அதுக்கு எங்கிட்ட நல்ல பதில் இல்ல, முதல்ல எங்கிட்ட வா, ஜிஎம்கிட்ட நான் பேசிக்கிறேன்னு மட்டும் சொன்னேன். திங்கக்கிழமைல இருந்து அவனுக்கு நைட். என் ஃபோன சைலண்ட்ல போடல.