கலக்காமல் வைத்தாலும் விரவல் மட்டுமே நடப்பதில்லை

"கலக்காமல் வைத்த இரு திரவங்களுக்கிடையே கரைபொருள் விரவலால் (மூலக்கூறுகள் தாமாகப் பரவுவதால்) மட்டுமே கடக்கும், செறிவு வேறுபாட்டை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும், எந்தத் திசையில் கடந்தாலும் ஒன்றுதான்" என்று சொல்வது பாதி உண்மையே. விட்மன் 1923-இல் முன்வைத்த இரு படலக் கோட்பாட்டிலிருந்து வரும் அந்த நேர்கோட்டு உறவு, இடைமுகம் (இரு திரவங்களும் தொடும் பரப்பு) அமைதியாக இருக்கும் வரைதான் செல்லும். அதன் இருபுறமும் மெல்லிய அசையாப் படலம் இருப்பதாகக் கொள்வதே அக்கோட்பாடு.

அசிட்டோன் கரைந்த டொலுயீன் துளி ஒன்றைத் தண்ணீரில் விடுவதாகக் கொள்வோம். இடைமுகத்தின் ஓரிடத்தில் அசிட்டோன் சற்றே கூடினாலும் அங்கே பரப்பு இழுவிசை (பரப்பைச் சுருங்கவைக்கும் விசை) குறைகிறது. இழுவிசை மிகுந்த பக்கத்தை நோக்கிப் பரப்பு இழுபட, அவ்விடத்தை நிரப்பத் துளியின் உள்ளிருந்து அசிட்டோன் செறிந்த திரவம் மேலெழுவதால், தொடக்கத்தில் இருந்த சிறு வேறுபாடு தணியாமல் வளர்கிறது. இதுவே மாராங்கோனி நிலையின்மை. இந்தச் சுழற்சியால் அத்துளி முதலில் மெதுவாக எழும்பி, அசிட்டோன் பெருமளவு வெளியேறிய பின்னரே வேகம் பிடிப்பது சோதனைகளில் பதிவாகியுள்ளது.

திசையும் பொருட்படுத்தத்தக்கதே. இழுவிசையைக் குறைக்கும் கரைபொருள், பாகுநிலை (ஓட்டத்துக்கான உள்தடை) கூடியதும், அக்கரைபொருள் மெதுவாக விரவுவதுமான திரவத்திலிருந்து வெளியேறும்போதே இக்கொந்தளிப்புக்கு வாய்ப்பு அதிகம் என்று ஆய்வாளர்கள் ஸ்டெர்ன்லிங்கும் ஸ்கிரிவனும் 1959-இல் காட்டினர். அவர்களின் மாதிரி மிக எளிமையானது என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாச் சோதனைகளும் அதற்கு அடங்குவதில்லை.

நீங்களே இதை அளந்து, செறிவு வேறுபாட்டுக்கும் வேகத்துக்கும் இடையே நேர்கோடு கிடைத்ததென்றால், கலத்தை எதைக் கொண்டு கழுவினீர்கள் என்று முதலில் பாருங்கள். சோப்பின் மிகச் சிறு எச்சமே இடைமுகத்தில் படிந்து இந்த ஓட்டத்தை அடக்கிவிடக்கூடும்.