நேரில் வந்து அழைத்ததாகப் பாவித்து…

செல்போனால்தான் முகம் பார்த்துப் பேசுவது குறைந்தது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது பாதிதான் சரி. திண்ணைப் பேச்சை டிவி எப்போதோ முடித்துவிட்டது. ஆனால் கல்யாண அழைப்பைக் கெடுத்தது வாட்ஸ்அப்தான். போன மாதம் ஒரு பங்காளி வீட்டுப் பத்திரிகை, 'நேரில் வந்து அழைத்ததாகப் பாவித்து' என்ற வரியோடு அதில் வந்தது. அம்மா திறந்து பார்த்தார், நீல டிக் விழுந்துவிட்டது. "பார்த்தீங்கல்ல, அப்புறம் ஏன் வரலை?" என்று அவர்களுக்கு வருத்தம். 2014இல் அந்த நீல டிக் வரும்வரை இப்படிச் சண்டை போட வழியே இல்லை! முன்பு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வருவார்கள். பத்திரிகையை நீட்டுவதற்குள் காபி ஆறிவிடும், பழைய மனஸ்தாபமும் பேசித் தீர்ந்துவிடும். அம்மா இன்னும் மொய் அனுப்பவில்லை. ஜிபே நம்பரும் பத்திரிகையிலேயே இருக்கிறது.