வரலாற்றைக் கேட்க ஆளில்லையாம்!

அரசு வானொலி நிலையம் ஒன்றின் நேயர் கூட்டத்தில், வரலாற்று நிகழ்ச்சிகளை மக்கள் கேட்கிற நேரத்தில் ஒலிபரப்புங்கள் என்று நான் கேட்டபோது நடந்ததை நேற்றே பலர் பகிர்ந்துவிட்டீர்கள். மறுபடியும் விவரிக்கப் போவதில்லை, அந்த வானொலி நிலையத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. "வரலாற்று நிகழ்ச்சியையெல்லாம் இப்போது யார் சார் கேட்கிறார்கள்?" என்று நிலைய அதிகாரி ஒருவர் சிரித்ததும், கூடவே அரங்கமும் சிரித்ததும்தான் இன்னும் காதில் நிற்கின்றன.

கேட்க ஆளில்லை என்பது வேறு, கேட்கிற நேரத்தில் ஒலிபரப்பவில்லை என்பது வேறு. முன்னறிவிப்பு எதுவுமின்றி, ஊர் உறங்கப் போகும் நேரத்தில், கட்டுரையை மூச்சு விடாமல் வாசிக்கும் ஒருவரைக் கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, கடிதமே வரவில்லை என்று கணக்குக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

என் தந்தை வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருந்தார். கையும் காலும் இயந்திரத்துக்கு, காது வானொலிக்கு. அடாவடிக்காரரைக் கண்டால் "சரியான எம்டன்" என்பது எங்கள் வீட்டு வழக்கம். அது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்பதும், 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு அது சென்னைக் கடற்கரைக்கு வந்து பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளைச் சுட்டு எரித்தது என்பதும் ஒரு மாலை வானொலிப் பேச்சில்தான் எங்களுக்குத் தெரிந்தன. எட்டாம் வகுப்பைத் தாண்டாத அப்பா, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உயர் நீதிமன்ற மதிலில் பதித்திருக்கும் எம்டன் நினைவுக் கல்லைக் காட்ட என்னை நடத்தியே அழைத்துச் சென்றார். கேட்க ஆளில்லையாம்!

யூடியூபில் இல்லாத வரலாறா என்பீர்கள். இருக்கிறது, தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது என்கிற "வரலாறும்" அங்கேதான் இருக்கிறது. கல்வெட்டு படிக்கத் தெரிந்தவரை அழைத்து, சொல்வதைச் சரிபார்த்து, தைக்கிறவரும் வண்டி ஓட்டுகிறவரும் கேட்கும்படி ஒலிபரப்புகிற கடமை மக்கள் பணத்தில் நடக்கும் வானொலிக்கு இருக்கிறது. விளம்பரத்தில் பிழைக்கும் தனியார் பண்பலைகளிடம் போய் இதைக் கேட்க முடியுமா?

பணமில்லை என்பவர்களுக்கு: 2010இல் பிபிசியின் நான்காம் வானொலி, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 100 பொருள்களை வைத்துக்கொண்டு 100 பகுதிகளில் உலக வரலாற்றையே சொன்னது. அவர்களிடம் பணம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆந்திரத்து அமராவதியின் பௌத்தச் சிற்பங்களைப் பற்றி விவரம் அறிந்த ஒருவர் பேசுவதற்கு ஓர் ஒலிவாங்கியும் ஒரு குவளைத் தேநீரும் போதாதா?

வானொலியில் கீழடி அகழாய்வு என்று பேச்செடுத்தாலே சண்டை வரும் என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் எச்சரித்திருக்கிறார். வரட்டுமே.

வானொலிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1924இல் கிருஷ்ணசாமி செட்டியார் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ சங்கத்தையும், 1930இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்தியதையும் அன்று சிரித்தவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? "ஓய்வு பெற்றவர்களின் பொழுதுபோக்கு" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னதும் எனக்குக் கேட்கத்தான் செய்தது. எனக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன, ஐயா.

கடைசியில் "எழுத்தில் கொடுங்கள், பரிசீலிக்கிறோம்" என்றார்கள். கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து போகும் நான்காவது விண்ணப்பம் அது. முதலாவது, எம்டன் பேச்சைப் போல இன்னொன்று வேண்டும் என்று கேட்டு அப்பா எழுதிய அஞ்சலட்டை.